வாழைப்பழம் முன்னோடி ஆகுமா? அங்கன்வாடி உணவும் ஒவ்வாமைக் குறிப்பும்

அங்கன்வாடியில் முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்கும் ஏற்பாட்டை, ஒவ்வாமை பற்றிய உணவு விதிகளின் தமிழ்நாட்டு முன்வடிவமாகக் கொள்ளும் வாசிப்பு ஒன்று உண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020-இல் எழுதியதை நாம் முன்பே நடைமுறையில் வைத்திருந்தோம் என்பது அதன் சாரம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தேனி மாவட்டத்துப் பொட்டிபுரம் போன்ற ஓர் ஊரை மனத்தில் வைத்துக்கொண்டு விதிகளைப் படித்தால் அது நிற்பதில்லை.

1982 ஜூலையில் கிராமங்களில் சத்துணவு தொடங்கியபோதே 2 முதல் 5 வயதுப் பிள்ளைகளும் அதில் சேர்க்கப்பட்டனர். 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது; 2010-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் 5 என்றானது. இந்த இடைக்காலத்தில்தான் வாழைப்பழமும் வந்து சேர்ந்தது. தொடங்கிய ஆண்டை 2007-ஐ ஒட்டி வைப்பது வழக்கம். அதை அறுதியிட்டுச் சொல்ல நான் முனையவில்லை, என் வாதத்துக்கு அது தேவையுமில்லை. கவனிக்க வேண்டியது, அந்த ஏற்பாடு பிள்ளைகளை எப்படிப் பிரிக்கிறது என்பதே. முட்டை சாப்பிடுவோர், சாப்பிடாதோர். வீட்டில் முட்டை புழங்காததால் ஒதுக்குகிற பிள்ளையும், தின்றால் உடம்பெல்லாம் தடித்துப்போகிற பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இருவருக்கும் கிடைப்பது ஒரே பழம்தான், பலனும் ஒன்றுதானே என்று கேட்கலாம். முட்டையின் மட்டில் அது சரி. ஏனென்றால் அவித்த முட்டை முழுசாக, கண்ணுக்குத் தெரிய, தனியாகத் தட்டில் விழுகிறது. அதை ஒதுக்க எந்தக் குறிப்பும் வேண்டியதில்லை, மூன்று வயதுப் பிள்ளையே கையால் தள்ளிவிடும். குறிப்பு தேவைப்படுவது கண்ணுக்குத் தெரியாமல் கலந்துவிட்ட பொருளுக்கு: சத்துமாவில் உள்ள கோதுமைக்கு, கலவைச் சாதத்தில் சேரும் மீல் மேக்கரில் உள்ள சோயாவுக்கு. வாழைப்பழ ஏற்பாடு இந்த இடத்தைத் தொடவே இல்லை. விருப்பத்துக்கு இடம் கொடுத்த ஒரு நல்ல ஏற்பாட்டின் மேல் மருத்துவ நோக்கத்தைப் பின்னாளில் ஏற்றிப் படிக்கிறோம்.

இனி 2020-ஆம் ஆண்டு முகப்புச்சீட்டு மற்றும் காட்சிப்படுத்தல் ஒழுங்குமுறைக்கு வருவோம். பசையம் உள்ள தானியங்கள், நண்டு இறால் வகை, பால், முட்டை, மீன், நிலக்கடலையும் கொட்டைகளும், சோயா, கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ உள்ள சல்பைட்டு என எட்டு இனங்களை அது பட்டியலிடுகிறது. பட்டியலை எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள். அதையடுத்து வரும் சிறு விலக்கில் யாரும் நிற்பதில்லை: பதப்படுத்தாத வேளாண் விளைபொருளுக்கு இந்தக் குறிப்பு வேண்டாம் என்கிறது அது. கடையில் நிலக்கடலை வாங்குகிறவருக்கு அது நிலக்கடலை என்று எழுதிக் காட்டுவது வீண்வேலை. விலக்கின் நியாயம் அவ்வளவே. ஆனால் இதே விலக்கை அங்கன்வாடிச் சமையலறைக்குள் கொண்டுபோனால் வேறு பொருள் தருகிறது. அங்கே வருவதில் பெரும்பகுதி மூட்டையிலும் அட்டையிலும் வரும் விளைபொருள்: அரிசி, பருப்பு, கொண்டைக்கடலை, பாசிப்பயறு, முட்டை. பொட்டலமாக வரும் சத்துமாவில் குறிப்பு இருந்தாக வேண்டும். மூட்டையில் வருவதற்குக் கிடையாது. இரண்டும் சமைக்கப்பட்டுத் தட்டுக்கு வரும்போதோ குறிப்பு எதுவும் கூட வருவதில்லை. விதி பொட்டலத்தோடு வந்து அடுப்படி வாசலில் நின்றுவிடுகிறது.

சமைத்த உணவுக்கும் அதே ஒழுங்குமுறையில் ஓர் அத்தியாயம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. மத்திய உரிமம் பெற்ற, அல்லது 10 இடங்களுக்குக் குறையாமல் கிளை வைத்திருக்கும் உணவகங்கள் ஒவ்வாமைத் தகவலையும் தர வேண்டும் என்கிறது. எழுதியவர்கள் பிட்சாக் கடைகளையும் ஓட்டல் தொடர்களையும் நினைத்துத்தான் எழுதியிருப்பார்கள். இருந்தாலும் எழுத்தை எழுத்தாகப் படித்தால், 54,439 அங்கன்வாடி மையங்களை நடத்தும் தமிழ்நாடு அரசைவிடப் பெரிய தொடர் இந்த மாநிலத்தில் வேறு எது? இது வலிந்து பொருள் கொள்வது என்று சட்டம் தெரிந்தவர்கள் சொல்லக்கூடும், மறுக்கவில்லை. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 விதி இந்த ஐயத்துக்கே இடம் வைக்காமல் பள்ளியையும் மருத்துவமனையையும் பெருந்திரள் உணவு வழங்குவோர் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. 2014 டிசம்பர் முதல் பொட்டலமிடாத உணவுக்கும் அங்கே ஒவ்வாமைத் தகவல் கட்டாயம். நம் விதியின் மௌனத்தைத் திட்டமிட்ட விலக்காகக் கொள்வதைவிட, நினைத்துப் பார்க்காமல் விட்டதாகக் கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

முன்வடிவம் தேடுவோர் வாழைப்பழத்தை விட்டுவிட்டுத் தொழிலாளர் சட்டங்களைப் பார்த்திருக்கலாம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 48-ஆம் பிரிவு, காப்பகப் பிள்ளைகளுக்கு இலவசப் பாலோ சிற்றுணவோ இரண்டுமோ தரச்செய்ய மாநில அரசு விதி செய்யலாம் என்று வெளிப்படையாகச் சொன்னது. மூன்றே ஆண்டு கழித்து, 1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 12-ஆம் பிரிவும் காப்பகம் பற்றியதுதான். அதில் அந்தப் பால் இருக்கவில்லை. அறை, அதன் கட்டுமானம், சாதனங்கள், வசதிகள் என்பதோடு முடிந்தது. ஆலைப் பிள்ளைக்குச் சட்டத்திலேயே பெயர் சொல்லி இடம் பெற்ற உணவு, தோட்டத்துப் பிள்ளைக்கு ‘வசதிகள்’ என்ற சொல்லுக்குள் ஒடுங்கிவிட்டது. ஏலத்தோட்டங்கள் அந்தச் சட்டத்துக்குள் வந்ததே 1981-ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான். அதுவும் 5 ஹெக்டேரும் 15 ஆட்களும் இருந்தால். பெயரே சொல்லப்படாத உணவில் என்ன கலந்திருக்கிறது என்று எந்த விதி கேட்கும்?

பொட்டிபுரம் பக்கத்து ஊர்களிலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்ட ஏலக்காடுகளுக்குப் போகிற பெண்களின் பிள்ளைகள் மலைமேல் எந்தக் காப்பகத்துக்கும் போவதில்லை. பாட்டியோ அக்காவோ அங்கன்வாடியில் கொண்டுவந்து விடுவார்கள். ‘என் புள்ளைக்குக் கடலை சேராது’ என்று ஆயாம்மாவிடம் சொல்ல வேண்டியவள் அந்நேரம் ஏலச்செடிக்கு நடுவே குனிந்து காய் எடுத்துக்கொண்டிருப்பாள். மற்ற ஊர்களில் தாயின் வாய்ச்சொல் செய்யும் வேலையை இங்கே எழுத்துதான் செய்தாக வேண்டும். விதியின் இடைவெளி இச்சரிவில் கூடுதலாக உறைப்பது இதனால்தான்.

எந்தக் கடலை என்பதும் ஒரு கேள்வி. நிலக்கடலை அரசுப் பட்டியலில் இருக்கிறது, கொண்டைக்கடலை இல்லை. இந்தியத் துணைக்கண்டத்தில் கொண்டைக்கடலை முக்கியமான ஒவ்வாமைப் பொருள் என்று மும்பை மருத்துவர்களின் ஆய்வு ஒன்று 2001-இலேயே வெளியாகியிருந்தது. 2020-ஆம் ஆண்டுப் பட்டியலோ பெரும்பாலும் 1999-இல் பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் ஏற்ற பட்டியலின் வழியே போயிற்று. அந்த ஆய்வு எடைபோடப்பட்டு ஒதுக்கப்பட்டதா, எடுத்தே பார்க்கப்படவில்லையா என்பதை ஒழுங்குமுறையின் வாசகத்தை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. பட்டியலில் ஒன்பதாவதாக அது சேர்ந்தாலும்கூட, மூட்டையில் வரும் கொண்டைக்கடலைக்கு முன்சொன்ன விலக்கு அப்படியே பொருந்தும்.