கற்பழிப்பு என்னும் சொல்லும் 1883 ஆம் ஆண்டுச் சட்டமும்

தமிழ்ப் பத்திரிகைகளை நாள்தோறும் படிப்போர் 'கற்பழிப்பு' என்ற சொல்லைக் காணாத வாரம் இல்லை. கொலை நிகழ்ந்தால் கொன்றவன் மீது பழி விழுகிறது. களவு நிகழ்ந்தால் திருடியவன் மீது விழுகிறது. பெண்ணொருத்தி வன்முறைக்கு ஆளாகும்போது மட்டும், அவளிடமிருந்த ஏதோ ஒன்று அழிந்து போயிற்று என்று சொல்லும் வகையிலே செய்தி அமைகின்றது. தொல்காப்பியத்திலே கற்பு என்பது களவொழுக்கத்தை அடுத்து வரும் மணவாழ்க்கையின் பெயர். அதற்கெனக் கற்பியல் என்றோர் இயலே உண்டு. அது பிற்காலத்திற் பெண்ணின் உடம்பிலே பூட்டப்பட்டு, தந்தையும் கணவனும் காவல் செய்யும் உடைமையாக மாறிய கதை, நிலவுடைமைச் சமுதாயத்தின் கதையோடு பிணைந்தது. இதனை வகுப்பறையில் விளக்குவது எளிது. மறுநாட் காலையில் மாணவர் பத்திரிகையைப் பிரிக்கும்போது நாம் சொன்னவையெல்லாம் பாழாகி விடுகின்றன.

இந்தச் சொல்லின் பின்னால் ஒரு சட்டமும் நின்றது. இந்தியாவுக்கென 1860 இல் ஆக்கப்பட்ட தண்டனைச் சட்டத்தைத் தழுவி, 1883 இல் ஆங்கில ஆட்சியினர் இலங்கைக்குத் தண்டனைச் சட்டக்கோவையை வழங்கினர். அதன்படி, பன்னிரண்டு வயது நிரம்பிய சிறுமியின் சம்மதம் சட்டத்தின் கண்ணிற் சம்மதமே. கணவன் மனைவியை வலிந்து புணர்ந்தால் அது குற்றமே அன்று. இவ்விலக்கு எங்கிருந்து வந்தது? பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தலைமை நீதிபதியாக இருந்த மத்தேயு ஹேல், திருமண ஒப்பந்தத்தின் வழியே மனைவி தன்னைக் கணவனுக்குக் கொடுத்துவிட்டாள், அதனை அவள் மீளப் பெற முடியாது என்று எழுதி வைத்தார். அவர் மறைந்து அறுபது ஆண்டுகளின் பின், 1736 இல் அந்நூல் அச்சேறியது. மனைவியின் மறுப்பைக் குற்றவியற் சட்டம் கேட்கலாகாது, அது நம் பண்பாட்டுக்கு ஒவ்வாது என்று மேடைதோறும் முழங்குவோர், தாம் காத்து நிற்பது ஓர் ஆங்கில நீதிபதியின் வாக்கை என்பதை அறிவார்களோ, அறியோம். இங்கிலாந்தே 1991 இல் அதனைக் கைவிட்டது.

சட்டம் இயற்றும் இடத்திற் பெண் இல்லாமையே இதற்குக் காரணம் என்று ஒரு காலத்தில் நம்பப்பட்டது. அந்த நம்பிக்கை வீணானதன்று. 1927 இற் கொழும்பிலே பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தோன்றியது. டொனமூர் ஆணைக்குழுவின் முன் சென்று அதன் உறுப்பினர் சாட்சியமளித்தனர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்று எதிர்த்தார். பெண் கல்விக்காக யாழ்ப்பாணத்திலே கல்லூரி நிறுவிய அதே இராமநாதன்தான். பெண் படிக்கலாம், ஆனால் ஆளக் கூடாது என்பது அன்றைய மேட்டுக்குடியின் நிலை. ஆணைக்குழுவோ முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மட்டும் வாக்களிக்கலாம் என்றது. இறுதியில் 1931 இல் இருபத்தொரு வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வந்தது. அடுத்த ஆண்டிலேயே கொட்டாஞ்சேனைப் பகுதியை உள்ளடக்கிய கொழும்பு வடக்குத் தொகுதி, நேசம் சரவணமுத்து அவர்களை அரசாங்க சபைக்கு அனுப்பியது. அச்சபைக்குத் தெரிவான முதற் தமிழ்ப் பெண் அவரே. 1936 இல் மீண்டும் வென்று, 1941 இல் மறையும்வரை உறுப்பினராக இருந்தார். கொட்டாஞ்சேனைத் தெருக்களில் நடந்து செல்லும் நம் மாணவருள் எத்தனை பேருக்கு அப்பெயர் தெரியும்? தெரிந்தோரும், கொழும்பின் முதல் மேயராக இருந்த இரத்தினசோதி சரவணமுத்துவின் மனைவி என்றே அவரை அறிகின்றனர்.

வாக்கு வந்தது, 1883 ஆம் ஆண்டுச் சட்டம் அசையவில்லை. அதனை அசைக்க 1995 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டின் திருத்தம் பல நல்ல மாற்றங்களைக் கொணர்ந்தது. சம்மத வயது பன்னிரண்டிலிருந்து பதினாறாக உயர்ந்தது. பெண் போராடித் தடுத்தாள் என்பதற்கு உடம்பிற் காயம் காட்ட வேண்டியதில்லை என்றாயிற்று. பாலியல் தொந்தரவு குற்றமாயிற்று. ஆனால் கணவனுக்குரிய விலக்கை நீக்கும் பிரிவு பாராளுமன்றத்தில் எதிர்ப்பெழவே கைவிடப்பட்டது. நீதிமன்ற ஆணையாற் பிரிந்து வாழும் மனைவிக்கு மட்டுமே பாதுகாப்புக் கிட்டியது. அந்நாளிலே நாட்டின் சனாதிபதியும் பெண், பிரதமரும் பெண் என்பதை நாம் மறந்துவிடலாகாது. உலகின் முதற் பெண் பிரதமரைத் தந்த நாடு என்ற பெருமையைக் கொண்டு இக்கணக்கைத் தீர்க்க இயலாது. 2005 ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் நீதவான் நீதிமன்றத்தில் ஓராண்டு வரையான பாதுகாப்புக் கட்டளை பெற வழி செய்தது. கணவனுக்குரிய விலக்கை அதுவும் தொடவில்லை.

1995 இன் திருத்தம் பத்திரிகைகளுக்கும் ஒரு கட்டளை இட்டது. இத்தகைய வன்முறைக்கு ஆளானவரை அடையாளம் காட்டும் எதனையும் அச்சிடுவது தண்டனைக்குரிய குற்றம். 2015 மே மாதம் புங்குடுதீவிலே பாடசாலை மாணவி ஒருத்தி கொடூரமாகக் கொல்லப்பட்டபோது அக்கட்டளை எங்கே போயிற்று? அவளுடைய பெயரும் படமும் ஊர்தோறும் பரவின. 2017 செப்டெம்பரில் எழுவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. குற்றவாளிகளின் முகங்களை மறந்தோர் உண்டு. அந்தப் பிள்ளையின் முகத்தை மறந்தோர் இல்லை. அனுதாபத்தால் வெளியிட்டோம் என்பார்கள். அனுதாபம் விற்பனைக்கும் உதவுகிறது.

ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015 இல் நடத்திய ஆய்வில், பஸ்களிலும் புகையிரதங்களிலும் தொந்தரவுக்கு ஆளானதாக நூற்றுக்குத் தொண்ணூறு பெண்கள் கூறினர். பொலிசாரிடம் சென்றோர் நூற்றுக்கு நால்வரே. வெள்ளவத்தையிற் காலி வீதியிலே காலையில் நெரிசலான பஸ்ஸில் ஏறும் நம் மாணவிகளுட் சிலர் கையிலே ஒரு சட்டைப்பின் வைத்திருப்பதை நாம் கண்டிருக்கிறோம். எதற்கு என்று கேட்டோம். அம்மா தந்தது, என்றாள் ஒருத்தி. அம்மாவுக்கு யார் தந்தது என்று கேட்டபோது, அம்மம்மாவாக இருக்கும் என்றாள்.