ஐமிச்சம்

புங்குடுதீவு இறுப்பிட்டி உட்பட யாழ்ப்பாணத் தமிழ் வழங்கும் ஊர்களில் சந்தேகத்துக்கு ‘ஐமிச்சம்’ என்றொரு சொல் உண்டு. ‘எனக்கொரு ஐமிச்சம் கிடக்கு’ என்பவர் கேட்டதை இன்னும் ஏற்கவில்லை; மறுத்துவிடவும் இல்லை. பழந்தமிழ் ‘ஐய’த்தின் பேச்சுவழக்கு உறவு இது எனலாம்.

‘சந்தேகம்’ வடமொழிச் சொல். அதன் வேருக்குப் பூசுதல் என்று பொருள்: இரண்டு ஒன்றாகப் பூசப்பட்டு, பிரித்தறிய முடியாத நிலை.

ஐயத்துக்குத் தொல்காப்பிய உரையாசிரியர்கள் தரும் காட்டு அழகானது. தொலைவில் தெரிவது குற்றியா, மனிதனா? மரக்கட்டையைக் குறிக்கும் ‘குற்றி’ இன்றும் யாழ்ப்பாணத்தில் புழங்கும் சொல். அந்தியில் பனங்குற்றியைக் கண்டு தயங்கியவருக்கு உரை தேவையில்லை. கிட்டப்போய்ப் பார்த்தால்தான் தெளியும். இந்தியத் தருக்க மரபான நியாய தரிசனமும் தன் 16 பொருள்களில் ஐயத்தை மூன்றாவதாகவும், தீர்மானத்தை ஒன்பதாவதாகவும் வைத்தது. ஐயம் ஆராய்ச்சியின் வாசல் என்பதை அந்த வரிசையே காட்டுகிறது.

அந்த வாசலில் நின்றவர் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர். கேரளத்தில் 1898இல் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவர். மோசடிக்கு இடமில்லாத சூழலில் அற்புத சக்தியை நிரூபிப்பவருக்கு ஒரு இலட்சம் ரூபா என்று 1963இல் அறிவித்தார். கேலிசெய்து ஒதுக்காமல், சோதித்துப் பார்க்க அழைத்ததே அதன் சிறப்பு. 1978இல் அவர் மறையும்வரை அத்தொகையை எவரும் வெல்லவில்லை.