கிராம்பு குத்திய ஆரஞ்சு

டிசம்பர் 21-ஐ ஒட்டி வரும் ஆண்டின் மிக நீண்ட இரவை, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தங்களை ‘விட்ச்’, அதாவது சூனியக்காரர், என்று பெருமையோடு சொல்லிக்கொள்பவர்கள் ‘யூல்’ என்ற பெயரில் கொண்டாடுகிறார்கள். கொப்பரையில் தவளைக்கால் கொதிக்கும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். அடுக்களை மேசையில் ஓர் ஆரஞ்சு, ஒரு கிண்ணம் கிராம்பு, பல் குத்தும் குச்சி, அவ்வளவுதான். பழத்தோலில் துளை போட்டு, துளைக்கு ஒரு கிராம்பாகச் செருகுகிறார்கள். செருகும்போதே மனதுக்குள் ஒரு வேண்டுதல். சிவப்பு நாடா கட்டி ஜன்னலில் தொங்கவிட்டால் சடங்கு முடிந்தது. ஆரஞ்சு, மறுபடி வளரப்போகும் சூரியன். கிராம்பு, கெட்டதை அண்டவிடாத காவல். ஆதிகாலத்திலிருந்து வரும் வழக்கம் என்பார்கள். பழையதுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பழமையைத் தேடி வட ஐரோப்பியக் காடுகளுக்குள் போய்ப் பயனில்லை. துறைமுகங்களுக்குப் போக வேண்டும்.

கிராம்பு என்பது விரியாத பூமொட்டு. நெடுங்காலம் அது இந்தோனேசியாவின் கிழக்குக் கோடியில் தெர்னாத்தே, திதோரே, மோத்தி, மக்கியான், பச்சான் ஆகிய தீவுகளில் மட்டுமே விளைந்தது. அங்கிருந்து சீனாவுக்குப் போனது. ஹான் அரசவையில் பேரரசரின் முன்னால் வாய் திறப்பவர் கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டுதான் பேச வேண்டும். மேற்கேயும் போனது. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியர் பிளினி, மிளகைப் போல, ஆனால் கொஞ்சம் பெரிதாக, வாசனைக்காகவே வரவழைக்கப்படும் ஒரு பொருளைப் பற்றி எழுதினார். அது இந்தியாவில் விளைவதாகவும் நம்பினார். அவரைக் குறை சொல்ல முடியாது. வாங்கி விற்பவன் ஊரையே விளைந்த ஊராக நினைப்பது எல்லா வாடிக்கையாளருக்கும் உள்ள பழக்கம். காளிதாசனுக்கு அது கடல் கடந்து வருவது தெளிவாகத் தெரிந்திருந்தது. ரகுவம்சத்தில் அவன் கிராம்பு மணத்தைக் கடல் கடந்த தீவுகளிலிருந்துதான் வரவழைக்கிறான்.

இடைவழியில் நம் பக்கத்திலும் ஒரு கிராம்பு தவறி விழுந்திருக்கிறது. மன்னாருக்கு அருகே, திருக்கேதீஸ்வரத்தை ஒட்டிய பழைய மாந்தைத் துறைமுகத்தின் அகழாய்வில் ஒரே ஒரு கிராம்பு கிடைத்தது. அதன் காலம் கி.பி. 900-க்கும் 1100-க்கும் இடைப்பட்டது. சோழர் கொடி ஈழத்தை எட்டிப்பிடித்த காலமும் ஏறத்தாழ அதுதான்.

இந்த வாசனைச் சரக்கு மருந்தாகவும் காவலாகவும் மாறியதற்குக் காரணம் ஒரு தவறான கோட்பாடு. 1348-இல் கொள்ளைநோய் ஐரோப்பாவை வாரிக்கொண்டு போனபோது, கெட்டுப்போன காற்றே காரணம் என்று பாரிஸ் மருத்துவ அறிஞர்கள் அரசருக்கு அறிக்கை கொடுத்தார்கள். காற்று கெட்டதென்றால் நல்ல வாசனை அதை விரட்டும். பணக்காரர்கள் துளையிட்ட பொன், வெள்ளி உருண்டைகளைச் சங்கிலியில் கோத்து இடுப்பில் தொங்கவிட்டார்கள். உள்ளே கஸ்தூரி, கிராம்பு, அம்பர்கிரிஸ். அம்பர்கிரிஸ் வேறொன்றுமில்லை, கோடிக்கணக்கில் மதிப்புள்ள திமிங்கல எச்சம் பிடிபட்டது என்று நம் செய்தித்தாள்களில் அடிக்கடி வருகிறதே, அதேதான். ‘பொமாண்டர்’ என்ற இந்த உருண்டையை வாங்க முடியாதவர்கள் நகல் எடுக்க வேண்டியதாயிற்று. உருண்டையாக, மணமாக, கைக்கு அடக்கமாக இருக்க வேண்டும். ஆரஞ்சு அதற்கென்றே பிறந்தது போல இருந்தது.

ஆரஞ்சும் ஆசியப் பழம்தான். புளிப்பு ஆரஞ்சை அரேபியர் மத்தியதரைக் கடலோரம் கொண்டுபோய் நட்டார்கள். இனிப்பு ஆரஞ்சு பல நூற்றாண்டு பிந்திப் போனது. அந்தக் கரையில் அது குளிர்காலத்தில்தான் பழுக்கும். ஆக, பனி கொட்டும் லண்டனுக்குக் கப்பல் வந்து சேரும்போது கிறிஸ்துமஸ் நெருங்கியிருக்கும். இந்தப் பழத்தைக் குளிர்காலத்தோடு முடிச்சுப் போட்டது அறுவடை நாட்காட்டி. சூரியன் என்ற விளக்கமெல்லாம் பிறகு வந்தது.

எட்டாம் ஹென்றியின் மந்திரி கார்டினல் வூல்சி பணத்துக்குப் பஞ்சமில்லாதவர். அவரே சுளையை எடுத்துவிட்ட ஆரஞ்சுத் தோலுக்குள் காடியில் நனைத்த பஞ்சை வைத்து, மனுக் கொடுக்க வரும் கூட்டத்தின் நடுவே மூக்கில் பிடித்துக்கொண்டு நடப்பார் என்று அவரிடம் ஊழியம் பார்த்த ஜார்ஜ் கேவண்டிஷ் எழுதிவைத்திருக்கிறார். நோய்க்குப் பயந்தாரா, மக்களின் வியர்வைக்கு அருவருத்தாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

அதே காலத்தில் கிராம்புக்காக மனிதர்கள் உலகத்தையே சுற்றிக்கொண்டிருந்தார்கள். மெகல்லனின் 5 கப்பல்களில் ‘விக்டோரியா’ ஒன்றுதான் 1522 செப்டம்பரில் 18 பேரோடு ஸ்பெயினுக்குத் தள்ளாடி வந்து சேர்ந்தது. அது சுமந்துவந்த சுமார் 26 டன் கிராம்பு, மொத்தப் பயணச் செலவையும் ஈடுகட்டியது என்பார்கள். தலைவனாகத் திரும்பிய எல்கானோவுக்கு மன்னர் கொடுத்த குலச்சின்னத்தில் பட்டை, ஜாதிக்காய், கிராம்பு மூன்றும் இருந்தன. மளிகைப் பட்டியலே வீரச்சின்னமான கதை வேறெங்கும் நடந்ததாகத் தெரியவில்லை.

1616-இல் பென் ஜான்சன் எழுதிய கிறிஸ்துமஸ் கூத்தில் நமது பொருள் முழு உருவத்தோடு மேடையேறுகிறது. புத்தாண்டுப் பரிசு என்ற பாத்திரத்திடம் ஆரஞ்சு இருக்கிறது, குத்துவதற்குக் கிராம்புதான் இல்லை, அதுவே நகைச்சுவை. பார்வையாளர் சிரிக்க வேண்டுமென்றால் வழக்கம் ஊரறிந்ததாக இருந்திருக்க வேண்டும். கிராம்பின் விலையும்தான்.

விலை இறங்காமல் பார்த்துக்கொள்ள ஒரு கம்பெனியே இருந்தது. 1605-இல் அம்போன் தீவைப் பிடித்த டச்சுக் கம்பெனியார், 1652-இல் தெர்னாத்தே சுல்தானோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். தாங்கள் அனுமதித்த இடம் தவிர மற்ற தீவுகளில் கிராம்பு மரமே இருக்கக் கூடாது. போர்ப்படகுகள் தீவு தீவாகப் போய் மரங்களை வெட்டிச் சாய்த்தன. மொட்டு பறித்துப் பிழைத்தவர்களின் வாழ்வும் அதோடு சாய்ந்தது. ஐரோப்பிய வீட்டுக் கிறிஸ்துமஸ் வாசனையில் இந்த அத்தியாயத்தை யாரும் முகர்வதில்லை.

பூட்டை உடைத்தவர் பியர் புவாவ்ர் என்ற பிரெஞ்சுக்காரர். மதப்பணிக்காகக் கிழக்கே போனவர், 1745-இல் ஆங்கிலேயரின் குண்டுபட்டு வலது கையை இழந்து டச்சுக்காரரின் பத்தாவியாவில் கரையேறினார். பாதிரிவேலைக்கு வழியில்லை, அங்கே காதில் விழுந்த வாசனைத் திரவிய வியாபார ரகசியங்கள் அவரைத் திருடனாக்கின. பிறகு மொரிஷியஸின் நிர்வாகியானபோது, அவர் அனுப்பிய கப்பல்கள் 1770-இல் கிராம்பின் பிறப்பிடமான மலுக்குத் தீவுகளிலிருந்து கன்றுகளைக் கடத்தி வந்தன. அதன்பின் கிராம்பை நிறுத்த ஆளில்லை. 1800 வாக்கில் ஆங்கிலேயக் கம்பெனி அதைக் குற்றாலத்தில் நட்டது. நம் நாட்டில் கிராம்பு சாகுபடி தொடங்கியது அங்கேதான். இன்று கன்னியாகுமரிக் கிராம்புக்குப் புவிசார் குறியீடு உண்டு. சான்சிபாரில் ஓமான் சுல்தானின் காலத்தில் அடிமைகளின் உழைப்பால் தோட்டங்கள் பெருகி, உலகத்தின் பெரும்பகுதிக் கிராம்பு அங்கிருந்தே போகத் தொடங்கியது. தாய்நாடான இந்தோனேசியா கிராம்புச் சிகரெட் மீது மோகம்கொண்டு, பின்னாளில் சான்சிபாரிலிருந்தே கிராம்பை இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்தது தனி வேடிக்கை.

கிராம்பின் விலை விழுந்ததும் விக்டோரியா காலத்து நடுத்தர வீடுகளுக்குள் கிராம்பு குத்திய ஆரஞ்சு நுழைந்தது. 1843-இல் வந்த டிக்கன்ஸின் கிறிஸ்துமஸ் கதையின் முடிவில், மனம் திருந்திய கஞ்சன் தன் குமாஸ்தாவுக்குத் தருவதாகச் சொல்லும் சூடான மது, கிராம்பு குத்திச் சுட்ட ஆரஞ்சை ஒயினில் ஊறவைத்துச் செய்வது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கிருமிகள் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டன. கெட்ட காற்றுக் கோட்பாட்டை மருத்துவர்கள் குப்பையில் போட்டார்கள். போட்டதை இன்னொருவர் எடுத்துக்கொண்டார்.

நவீன சூனிய மதமான விக்காவை உருவாக்கிய ஜெரால்டு கார்ட்னர், இளமையில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும் பின்பு மலாயா ரப்பர் தோட்டத்திலும் வேலை பார்த்தவர். இரண்டு இடத்திலும் வேலையைச் சுமந்தவர்கள் தமிழர்கள். 1936-இல் ஓய்வுபெற்று, மலாய் கிரிஸ் கத்திகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சூனியத்துக்கு எதிரான 1735-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தில் 1951-இல் நீங்கியதும், 1954-இல் ‘இன்றைய சூனியம்’ பற்றிப் புத்தகம் போட்டார். அவர் கொடுத்தது சட்டகம். அதற்குள் வந்தவர்கள் பாட்டி வீட்டுக் கிறிஸ்துமஸ் பொருள்களையும் கூடவே கொண்டுவந்தார்கள். அமெரிக்கரான ஸ்காட் கன்னிங்காம் 1985-இல் வெளியிட்ட மந்திர மூலிகைக் களஞ்சியத்தில், கிராம்புப் புகை தீய சக்தியை விரட்டும், செல்வம் தரும், நம்மைப் பற்றிய ஊர்வம்பையும் நிறுத்தும் என்றிருக்கிறது. பாரிஸ் வைத்தியர்களின் கெட்ட காற்று பெயர் மாறி, கெட்ட சக்தியாக மறுபடி ஜன்னலில் விரட்டப்படுகிறது.

நுண்ணுயிர்களை அடக்கும் யூஜெனால் கிராம்பில் நிறைய உண்டு. நெருக்கிக் குத்தினால் பழம் அழுகாமல் சில வாரங்களில் சுருங்கிக் கல்லாகும். மணம் ஆண்டுக்கணக்கில் நிற்கும். கணப்புப் போட்ட வறண்ட அறைக்கு ஏற்பட்ட சடங்கு இது. வடகிழக்குப் பருவமழை ஈரத்தில் சென்னையில் செய்துபார்க்க ஆசைப்படுபவர்கள் கிராம்பைக் கஞ்சத்தனமில்லாமல் குத்தி, மின்விசிறியடியில் தொங்கவிடுவது நல்லது. இல்லையென்றால் மூன்றாம் நாளே பூசணம் பிடித்துவிடும்.