ஆடிஷன் முடிஞ்சுது... ‘இல்லை’ன்னு சொல்லவாவது ஒரு மெசேஜ் வருமா?

காயல்பட்டினத்தில் இருந்து சென்னையில் ஒரு ஆடிஷனுக்குப் போகணும்னா முதல் நாளே கிளம்பணும். செந்தூர் எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி. காலையில் எழும்பூரில் இறங்கி முகம் கழுவிட்டு, சாலிகிராமம் பக்கம் ஏதோ ஒரு மாடிப்படியில் வரிசை. உள்ளே இரண்டு நிமிஷம். “சொல்லி அனுப்புறோம்.” அப்புறம்? பெரும்பாலும் எதுவுமே வராது.

சென்னைக்காரருக்கு இது ஒரு மதியம் போன கணக்கு. உங்களுக்கு இரண்டு ராத்திரி, டிக்கெட் காசு, கடையில் போட்ட லீவு. அதைவிடப் பெரிசு, அதுக்கப்புறம் காத்திருக்கிற நாட்கள். துபாயில் இருக்கும் காக்கா (காயலில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவாங்க) விசா ரெடிங்கிறார். சரின்னு சொல்வதா, இன்னும் ஒரு வாரம் பொறுக்கச் சொல்வதா? ‘நீங்க தேர்வாகலை’ன்னு ஒரு வரி வந்திருந்தா அன்னிக்கே முடிவெடுத்திருப்பீங்க.

பதில் வராததுக்குத் திமிர் மட்டுமே காரணம் இல்லை. முதலில் தேர்வானவர் கால்ஷீட் தராவிட்டால் இருக்கட்டும்னு உங்களை இரண்டாவது இடத்தில் வைத்திருப்பாங்க. சில நேரம் அந்தக் கேரக்டரையே கதையில் இருந்து தூக்கியிருப்பாங்க. நூற்றுக்கணக்கான வீடியோக்களோடு ஒரே ஒரு உதவி இயக்குநர் திண்டாடிக்கிட்டு இருப்பார். காரணம் எதுவானாலும், காத்திருப்பின் செலவு முழுக்க உங்க தலையில்தான்.

இது நம்மூர்ப் பிரச்னை மட்டும் இல்லை. பிரிட்டனின் நடிகர் சங்கமான ஈக்விட்டி, ‘ஆமாவா, இல்லையா, ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க’ன்னு கேட்டுப் போராடியிருக்கு. அமெரிக்காவில் 2023-ல் 118 நாள் வேலைநிறுத்தம் செய்த சாக்-ஆஃப்ட்ரா சங்கம், வீட்டிலேயே எடுத்து அனுப்பும் ஆடிஷன் வீடியோவுக்குக் குறைந்தது 48 மணி நேரம் அவகாசம் தரணும்னு ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியது.

நம்மகிட்ட அப்படி ஒப்பந்தம் இல்லாட்டாலும் கேட்க வாய் இருக்கே! ரயில் ஏறும் முன்பே, “முதல் சுற்றுக்கு வீடியோ அனுப்பினால் போதுமா?”ன்னு கேளுங்க. பாதிப் பயணம் அதிலேயே மிச்சம். ஆடிஷன் முடிஞ்சு வெளியே வரும்போது, “எந்தத் தேதிக்குள்ள தெரியும் சார்? அதுக்குள்ள வரலைன்னா இல்லைன்னு எடுத்துக்கலாமா?” இப்படிக் கேட்டதற்காக யாரும் வாய்ப்பைப் பறிக்க மாட்டாங்க. அந்தத் தேதி தாண்டினால் ஒரே ஒரு மெசேஜ். ராத்திரி பதினொரு மணிக்குப் போன், இன்ஸ்டாவில் கமென்ட், வாய்ஸ் நோட்டில் அழுகை இதெல்லாம் வேண்டாம். கொடுத்த வசனப் பேப்பரை ஸ்டேட்டஸில் போடவே கூடாது. ‘ஆடிஷன் ஃபீஸ்’ன்னு காசு கேட்டால் மட்டும் எந்த மரியாதையும் தேவையில்லை, கிளம்பிடுங்க.

இப்போ கேமராவுக்கு அந்தப் பக்கம் வாங்க. உங்களில் பலர் போனிலேயே குறும்படம் எடுக்கிறீங்க. ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வாழைத்தோட்டக் கதையான மாரி செல்வராஜின் ‘வாழை’ 2024-ல் வந்தபிறகு, இந்த மாவட்டத்துப் பசங்களுக்கு நடிப்பு எட்டாத விஷயம் இல்லைன்னு தோண ஆரம்பிச்சிருக்கு. உங்க ஆடிஷனுக்கும் ஆறுமுகநேரியில் இருந்தோ ஆத்தூரில் இருந்தோ யாராவது பஸ் ஏறி வருவாங்க. தேர்வானவர் ஒப்புக்கொண்ட அன்றே மற்றவங்களுக்கு அனுப்பிடுங்க:

“வணக்கம். ஆடிஷனுக்கு வந்ததுக்கு நன்றி. இந்தக் கேரக்டருக்கு வேறொருவரைத் தேர்வு செஞ்சிருக்கோம். உங்க வீடியோவை அடுத்த படத்துக்காக வெச்சிருக்கலாமா?”

கடைசி வரி உண்மையாக இருந்தால் மட்டும். சும்மா ஆறுதலுக்குப் போட்டால் அவர் அடுத்த படத்துக்கும் காத்திருப்பார். நிறம், உயரம், பல்லுன்னு காரணம் சொல்லாதீங்க. எல்லாரையும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்து ‘சாரி’ சொன்னால், தேர்வாகாதவங்க பட்டியலை நம்பரோடு வெளியிட்ட மாதிரி ஆயிடும். ஆளுக்குத் தனியா அனுப்புங்க. இரண்டாவது இடத்தில் ஒருவரை வைத்திருந்தால் அதையும் தேதியோடு அவரிடம் சொல்லிடுங்க. காத்திருக்கலாமா வேண்டாமான்னு அவரே முடிவு பண்ணட்டும்.

சின்னப் பிள்ளைங்கன்னா மெசேஜ் அம்மா, அப்பாவுக்குப் போகட்டும். பிள்ளைகிட்ட எப்படிச் சொல்லணும்னு அவங்களுக்குத் தெரியும்.