கனிமர வேட்டை (போடிமெட்டு மலைப்பகுதி)

காட்டு மரங்கள் கனி உதிர்க்கும் பருவத்தில், அவற்றின் அடியில் மேய வரும் மான்களைக் காத்திருந்து கொல்லும் பழைய வேட்டைமுறை. தேனி, இடுக்கி மாவட்டங்களின் எல்லையிலுள்ள போடிமெட்டில், தமிழ்நாட்டுப் பக்கச் சரிவு மழைமறைவான வறண்ட காடு. கேரளப் பக்கம் ஏலத்தோட்டமும் சோலையும். மிளா, கேளையாடு ஆகியவை இம்மலைத்தொடரின் மான்கள்.

வறண்ட சரிவின் முக்கியக் கனி நெல்லி. குளிர்காலத்தில் காய்கள் முற்றி உதிரும். மந்திகள் கிளைகளில் தின்னும்போது சிந்துபவை வேறு. மான் அவற்றை முழுசாக விழுங்கிவிட்டு, நிழலில் படுத்து அசைபோடுகையில் கொட்டைகளைத் துப்புகிறது. துப்பிய கொட்டை வெயிலில் காய்ந்து வெடித்து விதைகளைச் சிதறும். மான் படுத்த இடங்களில் நெல்லிக்கொட்டை குவிந்து கிடப்பது இதனால்தான். ஆகவே கனிமரத்தடியில் ஒரு மானைக் கொல்வது, நெல்லியைத் தாய்மரத்துக்கு அப்பால் கொண்டுசெல்லும் உயிரையும் அழிப்பதாகும். வேட்டைக் கதைகள் பெரும்பாலும் பேசாத இழப்பு இது.

வேட்டைக்காரர்கள் குளம்படியும் கடித்த காயும் பார்த்து மரத்தைத் தேர்ந்து, காற்றுக்கு எதிர்ப்புறம் பரண் கட்டி அந்தியில் காத்திருப்பார்கள். நாட்டுத் துப்பாக்கியும் நெற்றி விளக்கும் வந்தபின் மானுக்குத் தப்ப வழி குறைந்தது.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் 1991 திருத்தமும் மான் வேட்டையைத் தடைசெய்துள்ளன. அருகிலுள்ள மதிகெட்டான் சோலை 2003இல் தேசியப் பூங்காவானது.