விரல்கள் மடங்கி நின்றுவிடுகின்றனவா? காரணங்களும் சிகிச்சையும்



காலையில் ஒளு செய்யக் குழாயைத் திறக்கும்போது விரல் மடங்க மறுக்கிறது. மடங்கினால் நிமிர மறுக்கிறது. மறு கையால் இழுத்தால் 'டக்' என்று விடுபடுகிறது. இதை 'வாய்வு' என்று சொல்லித் தைலம் தேய்த்தே பலர் காலம் கடத்துகிறார்கள். நோயை இறக்கிய அல்லாஹ் அதற்கான நிவாரணத்தையும் இறக்கியுள்ளான் என்பது நபிமொழியின் கருத்து. காரணம் தெரிந்தால்தான் மருந்து பொருந்தும்.

விரல் பூட்டிக்கொள்வது ஏன்?

விரலை மடக்கும் தசைநாண், விரலின் அடியில் ஒரு சிறு வளையத்துக்குள் புகுந்து செல்கிறது. வளையம் தடித்தாலோ நாண் வீங்கினாலோ, முடிச்சு விழுந்த நூல் ஊசித் துளையில் சிக்குவது போல விரல் சிக்கிக்கொள்கிறது. இதுவே 'டிரிக்கர் ஃபிங்கர்'. பெருவிரலிலும் மோதிர விரலிலும் அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். பொதுவாக நூற்றில் 2, 3 பேருக்கு வரும் இது, சர்க்கரை நோயாளிகளில் 10 பேர் வரை பாதிக்கிறது. மாமல்லபுரத்தில் உளி பிடிப்பவர்கள், சதுரங்கப்பட்டினம் கரையில் வலை இழுப்பவர்கள், வீட்டில் தையல் வேலை செய்யும் பெண்கள் என இறுகப் பிடித்து உழைப்போருக்குத் தொல்லை கூடும்.

ஆரம்பத்தில் கைக்கு ஓய்வு, வெந்நீர் ஒத்தடம், சில வாரங்கள் விரலை நிமிர்த்தி வைக்கும் பட்டை ஆகியவை போதும். குறையாவிட்டால் ஸ்டீராய்டு ஊசி. ஊசிக்குப் பின் சில நாட்கள் சர்க்கரை ஏறலாம் என்பதால் சர்க்கரை உள்ளவர்கள் முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அதிலும் தீராவிட்டால், கையை மட்டும் மரக்கச் செய்து வளையத்தைத் திறந்துவிடும் சிறு அறுவை சிகிச்சை உண்டு. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம்.

வேறு காரணங்கள்

இரு உள்ளங்கைகளையும் ஒட்டி வைத்துப் பாருங்கள். விரல்கள் ஒட்டாமல் இடைவெளி விழுந்தால், நாள்பட்ட சர்க்கரையால் வந்த விறைப்பாக இருக்கலாம். இரு கை மூட்டுகளும் வீங்கி, காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் முடக்குவாதமா என்று பரிசோதிக்க வேண்டும். இரவில் பெருவிரல் முதல் நடுவிரல் வரை மரத்துப்போனால் மணிக்கட்டில் நரம்பு அழுந்தியிருக்கலாம். ஒரு கை திடீரெனச் செயலிழந்து, வாய் கோணினால் அது பக்கவாதம். உடனே 108-ஐ அழையுங்கள்.

மறைக்கக் கூடாத ஒன்று

சுண்டு விரலும் மோதிர விரலும் வலியின்றி வளைந்து, தோலில் உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் தொழுநோயா எனப் பார்க்க வேண்டும். 1947-ல் டாக்டர் பால் பிராண்ட், டாக்டர் ராபர்ட் காக்ரேனின் அழைப்பில் செங்கல்பட்டு லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்துக்கு வந்தார். விரல் வளைந்த ஒரு நோயாளியின் பிடி பலமாக இருப்பதை உணர்ந்து, கெடாத தசைகளும் அந்தக் கையில் உள்ளன எனக் கண்டார். பின்னர் வேலூரில், நல்ல தசைநாண்களை இடம் மாற்றி அத்தகைய கைகளை இயங்க வைத்தார். அந்த இல்லமே 1955 முதல் திருமணியில் மத்திய அரசின் தொழுநோய் நிறுவனமாக இயங்குகிறது. கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். 6 முதல் 12 மாதங்களில் நோய் குணமாகும். ஆனால் வெட்கப்பட்டு மறைத்தால், இழந்த நரம்பு திரும்புவது கடினம். திருமணப் பேச்சு கெடும் என்று பிள்ளையின் நோயை மறைப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநீதி.

ஒளுவும் தொழுகையும்

கழற்றக்கூடிய பட்டையை ஒளுவுக்குக் கழற்றி, கையைத் துடைத்து மீண்டும் அணியலாம். அறுவைக்குப் பின் கட்டை நனைக்கக் கூடாது என்றால் அதன் மீது மஸ்ஹு செய்ய மார்க்கம் அனுமதிக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில் தயம்முமும் சேர்த்துச் செய்ய வேண்டும். அத்தஹிய்யாத்தில் விரல்களை மடக்க முடியாதவர் இயன்றதைச் செய்தால் போதும். அது சுன்னத்தே, தொழுகை கூடும். ஆகவே இபாதத்தைக் காரணம் காட்டிச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

விரல்களில் தஸ்பீஹ் எண்ணுவது நபிவழி. அந்த விரல்களைப் பேணுவதும் அமானிதத்தைப் பேணுவதே. நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.