பி.ஆர். சோப்ராவின் இரு படங்களில் மணப்பிறழ்வு

இந்தித் திரைப்பட இயக்குநர் பி.ஆர். சோப்ரா, மணவாழ்வில் நேரும் மனத்தடுமாற்றத்தைப் பதினைந்தாண்டு இடைவெளியில் இருமுறை படமாக்கினார். 1963இல் வெளிவந்த 'கும்ராஹ்' மனைவியின் தடுமாற்றத்தையும், 1978இல் வெளிவந்த 'பதி பத்னி அவுர் வோ' கணவனின் தடுமாற்றத்தையும் பொருளாகக் கொண்டவை. முன்னது கண்ணீர்க் கதை. பின்னது நகைச்சுவைப் படம்.

இவ்வேறுபாடு தொடக்கக் காட்சிகளிலேயே புலனாகிறது. 'கும்ராஹ்' சீதைக்கு இலக்குவன் இட்ட கோட்டைக் காட்டித் தொடங்குகிறது. (வான்மீகத்திலோ கம்பனிலோ இல்லாத கோடு அது, பிற்கால வழக்கில் வேரூன்றியது.) 'பதி பத்னி அவுர் வோ' ஆதாம் ஏவாள் கதையைக் கேலியாகக் கூறித் தொடங்குகிறது. மனைவிக்குத் தாண்டலாகாத எல்லை. கணவனுக்கோ ஆதிமனிதன் முதல் தொடரும் பலவீனம்!

பின்னதன் கதையை எழுதியவர் இந்திப் புதுச்சிறுகதை இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரான கமலேஷ்வர். அலுவலக அதிகாரி ரஞ்சித் (சஞ்சீவ் குமார்), தன் மனைவி சாரதா (வித்யா சின்ஹா) தீராநோயால் மடிந்துகொண்டிருப்பதாகப் பொய் கூறிச் செயலாளர் நிர்மலாவின் (ரஞ்சிதா) பரிவைப் பெறுகிறான். நலமாக வாழும் மனைவியைச் சாவின் விளிம்பில் நிறுத்தும் இப்பொய்யே படத்தின் நகைச்சுவைக்கு ஊற்று. இதன் கொடுமையைப் படம் போதிய அளவு உணர்த்தவில்லை என்றே கூறவேண்டும். எனினும் சாரதா அழுது ஓயும் மனைவியல்லள். ஐயுற்று, ஆராய்ந்து, உண்மையை வெளிக்கொணர்பவள். 'கும்ராஹ்' படத்தில் வேவு பார்க்கும் பொறுப்பு கணவனிடம் இருந்தது; தன் செயலாளரையே ஏவி மனைவியை அச்சுறுத்துகிறான் அவன். அப்பொறுப்பு இங்கு மனைவியின் கைக்கு மாறியிருப்பது குறிப்பிடத்தக்கது.

அக்காலச் சட்டநிலையும் இங்குக் கருதத்தக்கது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு, பிறன் மனைவியோடு அவள் கணவனின் இசைவின்றி உறவுகொண்ட ஆடவனை மட்டுமே தண்டித்தது. மணமாகாத பெண்ணை நாடும் ரஞ்சித் போன்றோர் அதன் வரம்பிற்குள் வாரார். தவறிழைத்த கணவன்மீது மனைவி வழக்குத் தொடுக்கவும் அதில் இடமில்லை. அவளுக்கு எஞ்சிய வழி மணவிலக்கே. 1976ஆம் ஆண்டுத் திருத்தம், இந்துத் திருமணச் சட்டத்தில் மணத்திற்குப் புறம்பான ஒருமுறை உறவையே மணவிலக்கிற்குப் போதிய காரணமாக்கியது. ஈராண்டு கழித்து வந்த இப்படத்தில் சாரதா கணவனைவிட்டு நீங்க முற்படுவது வெற்று மிரட்டலாகத் தோன்றாமைக்கு இச்சூழலும் துணைசெய்திருக்கலாம்.

497ஆம் பிரிவை உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பரில் நீக்கியது. 'பதி பத்னி அவுர் வோ' 2019இல் மீண்டும் படமாக்கப்பட்டது. அதுவும் நகைச்சுவைப் படமே.